காலியாக விட்ட கட்டம்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு நுனி சிவக்கும் என்று என் அண்ணி சொல்வார். அது உண்மைதான் என்பதை ஒரு வெள்ளிக்கிழமை காலை எங்கள் அலுவலகத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். நான் வரைந்த ஃபார்மில் கோளாறு இருக்கிறது என்று அண்ணி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். நான் பதினாலு வருஷமாகக் கம்ப்யூட்டரில் ஃபார்ம் வரைகிறவன். அவர் வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம்தான் ஆகியிருந்தது, அதுவும் என் சிபாரிசில்.

அந்த அண்ணியைப் பற்றித்தான் எழுதுகிறேன். தோற்றவன் எழுதுவது என்பதால் இதில் பொய்க்கு அவ்வளவாக இடமில்லை.

என் அண்ணன் சாலை போடும் கம்பெனியில் நில அளவையாளர். சாலை எங்கே போகிறதோ அங்கே குடும்பமும் போகும். பதின்மூன்று வருஷத்தில் ஒன்பது வீடு மாறினார்கள். ஒவ்வொரு தடவையும் மூட்டை கட்டியது அண்ணிதான். அட்டைப் பெட்டிக்கெல்லாம் எண் போடுவார், உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே பட்டியல் ஒட்டுவார். இதை யாரும் செய்வார்கள். அதற்கு மேல் ஒரு வேலை செய்வார். லாரி வருவதற்கு முன்னால், வீட்டில் உள்ள ஒவ்வொரு பெட்டியையும் காலால் ஒரு முழம் தள்ளிப் பார்ப்பார். குழந்தைகள் சிரிப்பார்கள். லாரிக்காரருக்குப் பொறுமை போகும். அண்ணி கடைசிப் பெட்டி வரைக்கும் தள்ளிவிட்டுத்தான் கதவைப் பூட்டச் சொல்வார்.

அதற்குக் காரணம் இருந்தது. மூன்றாவது வீட்டைக் காலி செய்தபோது, அண்ணியின் படிப்புச் சான்றிதழ்கள் இருந்த ஃபைல் ஐந்தாம் எண் பெட்டியில் இருப்பதாகப் பட்டியலில் எழுதியிருந்தது. அந்த ஒரு பெட்டியை மட்டும் கட்டியவர் அண்ணன். ஃபைல் பெட்டிக்குள் போகவில்லை, பெட்டியின் மேல் இருந்தது. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், தள்ளிப் பார்த்திருந்தால் ஃபைல் சரிந்து விழுந்திருக்கும். சுமை தூக்க வந்தவர் அதை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போனார். பத்து நாள் கழித்துத் தேடியபோது அந்த வீட்டுக்கு வெள்ளையடித்து, பழைய காகிதத்தையெல்லாம் கொளுத்தி முடித்திருந்தார்கள். அண்ணி கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் கம்ப்யூட்டர் படித்தவர், வகுப்பில் முதலாவதாக வந்தவர். பயிற்சி நிலையத்துக்கு எழுதிக் கேட்கலாம் என்றால் அதையும் அதற்குள் இழுத்து மூடியிருந்தார்கள். அதற்குப் பிறகு எந்த ஊரில் வேலை கேட்டாலும் முதல் மேசையிலேயே பேச்சு முடிந்துவிடும். இன்றைக்கும் அந்த ஃபைல் பேச்சு வந்தால் அண்ணன் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார்.

ஒருவழியாக அண்ணனுக்கு நாற்காலி வேலை கிடைத்து எங்கள் ஊரிலேயே தங்கினார்கள். சின்னவளும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். எங்கள் கம்பெனியில் அப்போது போன் எடுக்க ஆள் தேவைப்பட்டது. டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி, நாள் முழுக்க ரப்பர் வாசனை. மருத்துவமனைகளுக்கு நோயாளிகளைப் பதிவு செய்யும் சாஃப்ட்வேர் செய்கிறோம். எங்கள் முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் 'இப்பவே'. எதைக் கேட்டாலும் இப்பவே வேண்டும் அவருக்கு. போனில் திட்டு வாங்கிக்கொண்டு திருப்பித் திட்டாத ஆள் யாராவது இருந்தால் இப்பவே கூட்டிக்கொண்டு வா என்றார். நான் அண்ணியைச் சொன்னேன். போன் எடுப்பதற்கு யார் சான்றிதழ் கேட்கப்போகிறார்கள்?

வந்த ஒரு வாரத்தில் போன் மேசை மாறிவிட்டது. அதுவரைக்கும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "நீங்க என்ன செஞ்சீங்க?" என்பதுதான். கேட்ட உடனே எதிர்முனையில் இருப்பவர் குற்றவாளி ஆகிவிடுவார். அண்ணி, "என்ன பாத்தீங்கன்னு சொல்லுங்க சார்" என்று ஆரம்பிப்பார். அவர்கள் பாதி நாள் கதையையும் சேர்த்துச் சொல்வார்கள். அண்ணி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்வார். வேலை கெடுகிறதே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அப்படித்தான் ஒரு மருத்துவமனையின் பதிவு மேசைக்காரர் பேசினார். இருபத்திரண்டு வருஷமாக அதே மேசையில் இருப்பவர், இரண்டு விரலால் தட்டச்சு செய்பவர். அவருடைய பிரச்சினை இதுதான். எங்கள் ஃபார்மில் 'ஒவ்வாமை' என்று ஒரு கட்டம் உண்டு. இன்ன மருந்து ஒத்துக்கொள்ளாது என்று நோயாளி சொன்னால் அதில் அடிக்க வேண்டும், ஒன்றும் இல்லையென்றால் காலியாக விட வேண்டும். அடித்தது டாக்டரின் திரையில் சிவப்பு எழுத்தில் வரும். ஒரு மாசமாக டாக்டர்கள் சிவப்பைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பென்சிலின் ஆகாதாமே" என்று கேட்க, நோயாளிகள் விழிக்கிறார்கள். பதினொரு பேருக்கு இப்படி ஆகிவிட்டது. ஒருவருக்கு நல்ல மருந்தை விட்டுவிட்டு வேறு மருந்து கொடுத்து, காய்ச்சல் நாலு நாள் கூட இழுத்திருக்கிறது. நிர்வாகி விசாரித்தார். அடிப்பது ஒரே கை, ஆகவே தப்பும் அந்தக் கையுடையது. அடுத்த திங்கட்கிழமை அவரை வேலையைவிட்டு அனுப்பக் கடிதம் தயாராகிக்கொண்டிருந்தது. காரணம் கவனக்குறைவு. ஓய்வு பெற ஐந்து வருஷம் இருக்கிற மனிதரை, அந்த வார்த்தை எழுதிய கடிதத்தோடு வேறு யார் சேர்ப்பார்கள்?

"நான் அதைக் காலியாத்தான் விட்டேன் மேடம்" என்றாராம் அவர். "என் கை அடிக்காததை என் கை அடிச்சதுன்னு சொல்றாங்க."

அண்ணி புகாரை எழுதி எனக்கு அனுப்பினார். நான் 'பயனர் தவறு' என்று போட்டு மூடினேன். திரும்ப அனுப்பினார். திரும்ப மூடினேன். மூன்றாவது தடவை, ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணலாம் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு மூடினேன். பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. போனை எடுத்து, அந்த மாசத்துப் பதிவுகளையெல்லாம் அடித்த வரிசையிலேயே அனுப்பும்படி மேசைக்காரரிடம் கேட்டார்.

வந்ததை அச்செடுத்து, புதன், வியாழன் இரண்டு நாளும் சாப்பாட்டு மேசையில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். நான் கடந்து போகும்போதெல்லாம் பார்த்தேன், ஒவ்வாமை எழுதியிருந்த வரிக்கெல்லாம் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. கேட்டால் மரியாதை குறைந்துவிடும் என்று ஒரு நினைப்பு.

வெள்ளிக்கிழமை காலை காகிதங்களோடு என் மேசைக்கு வந்தார். தப்புகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இல்லை என்றார். கொத்துக் கொத்தாக இருக்கிறதாம். முதலில் ஒருவர், அவருக்கு நிஜமாகவே பென்சிலின் ஆகாது. அவருக்கு அடுத்து வருகிற ஏழு பேருக்கும் அதே பென்சிலின், ஓர் எழுத்துக்கூட மாறாமல். எட்டாவது ஆளிலிருந்து சுத்தம். இன்னொரு நாள் ஒருவருக்கு ஆஸ்பிரின், பின்னால் வந்த ஒன்பது பேருக்கும் ஆஸ்பிரின். கொத்து எங்கே முடிகிறது என்று பார்த்தால் ஒன்று பத்தரை மணி, இல்லை ஒரு மணி. மேசைக்காரரைக் கேட்டாராம். பத்தரைக்கு டீ குடிக்கப் போவார், ஒரு மணிக்குச் சாப்பிடப் போவார். போகும்போது ஃபார்மை மூடிவிட்டுத்தான் போவார், இருபத்திரண்டு வருஷப் பழக்கம். மூடித் திறந்தால் கட்டமெல்லாம் காலியாகத்தான் வரும்.

"பதினொண்ணு இல்ல தம்பி, அறுபத்துமூணு. டாக்டருங்க கேட்டது பதினொண்ணு, அவ்வளவுதான்" என்றார். "முன்னால வந்தவரோட எழுத்து துடைபடாம அப்படியே நிக்குது. உங்க ஃபார்ம்லதான் ஏதோ இருக்கு."

என் மூக்கு சிவந்தது அப்போதுதான். துடைப்பது எப்படி என்று எனக்கே பாடமா? நான் எழுதியதைத் திறந்து காட்டினேன். இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, யாருக்கும் புரியும். பெயர், வயது, முகவரி என்று கட்டங்கள் எல்லாம் ஒரு பேனலுக்குள் இருக்கும். பேனல் என்பது ஃபார்மின் மேல் வைக்கிற ஒரு பெட்டி. அதற்கு ஓரக்கோடு இல்லை, நிறமும் பின்னால் இருப்பதன் நிறமே, அதனால் கண்ணுக்குத் தெரியாது. 'புதியவர்' என்ற பட்டனை அழுத்தினால், அந்தப் பேனலுக்குள் இருக்கிற கட்டம் ஒவ்வொன்றையும் போய்த் துடைக்கச் சொல்லி நான் எழுதியிருந்தேன். பத்துக் கட்டமானாலும் நூறு கட்டமானாலும் துடைத்துவிடும். எனக்கு அதில் பெருமையும் உண்டு.

"பெட்டிக்குள்ள இருக்கிற எல்லாத்தையும் துடைக்கும் அண்ணி. ஒண்ணு மட்டும் எப்படித் தப்பிக்கும்?"

அண்ணி திரையைக் குனிந்து பார்த்தார். ஒவ்வாமைக் கட்டம் எல்லாவற்றுக்கும் கீழே, முகவரிக்கு நேர் கோட்டில், அழகாக உட்கார்ந்திருந்தது.

"அது பெட்டிக்குள்ள இருக்கா?"

கண் தெரியவில்லையா என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

"பெட்டியைக் கொஞ்சம் நகர்த்துங்க தம்பி."

இவரை அனுப்பிவிட்டால் போதும் என்றுதான் மவுஸை எடுத்தேன். பேனலைப் பிடித்து ஒரு விரல்கடை இடது பக்கம் இழுத்தேன். பெயர் வந்தது, வயது வந்தது, முகவரி வந்தது, போன் எண் வந்தது. ஒவ்வாமைக் கட்டம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. வெறும் தரையில், தனியாக.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது, ஆனால் கோபத்தில் இல்லை.

எப்படி நடந்தது என்பது அந்த நொடியே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கட்டம் முதலில் ஃபார்மில் கிடையாது. இரண்டு மாசத்துக்கு முன்னால் மருத்துவமனை கேட்டது, இப்பவே வேண்டும் என்றார் 'இப்பவே'. நான் பேனலுக்குக் கீழே காலியாக இருந்த இடத்தில் கட்டத்தைப் போட்டேன். அதை மவுஸால் தூக்கிப் பேனலுக்குள் விட்டிருந்தால், அது அந்தக் கணமே பேனலின் பிள்ளை ஆகியிருக்கும். ஆனால் மவுஸால் இழுத்தால் ஒரு மயிரிழை இப்படி அப்படிப் போகும், வரிசை கெடும். எனக்கு வரிசை கெட்டால் தூக்கம் வராது. அதனால் கீபோர்டின் அம்புக்குறியைத் தட்டித் தட்டி, ஒவ்வொரு புள்ளியாக மேலே ஏற்றி, முகவரிக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினேன். அம்புக்குறியால் நகர்த்தினால் இடம் மாறுமே தவிரத் தாய் மாறாது. பேனலின் மேல் வந்து உட்கார்ந்ததே ஒழிய உள்ளே போகவில்லை. பேனலைத் துடைத்தபோது இதை யாரும் தொடவில்லை. அம்பை நொந்து என்ன பயன், எய்தவன் நான்தான்.

நாங்கள் சோதித்தபோது ஏன் தெரியவில்லை? ஒருவரைப் பதிவோம், சேமிப்போம், மூடுவோம். அடுத்த ஆளை அடிக்கும் பொறுமை எங்களில் யாருக்கும் இருந்ததில்லை. மேசைக்காரருக்கோ பழைய சின்னத் திரை, கடைசிக் கட்டம் திரைக்குக் கீழே மறைந்திருக்கும். ஒவ்வாமை உள்ளவர் வந்தால் மட்டும் கீழே இறக்கி அடிப்பார். மற்றவர்களுக்குப் பார்க்கவே தேவையில்லை என்று சேமிப்பார். இல்லாததை எதற்குப் போய்ப் பார்ப்பது? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

கட்டத்தை மவுஸால் பிடித்து உள்ளே விட்டேன். பேனலை நகர்த்தினேன். இந்தத் தடவை கூடவே வந்தது. சரிசெய்ய ஆன நேரம் ஒரு நிமிஷம். அண்ணி அதோடு விடவில்லை. எங்களிடம் இருந்த இருபத்தேழு ஃபார்மையும் திறக்கச் சொல்லி, என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பேனலையும் தானே இழுத்துப் பார்த்தார். இன்னும் இரண்டு அனாதைகள் கிடைத்தன. இரண்டும் என் கைவேலைதான்.

'இப்பவே' விஷயத்தைக் கேட்டதும் உடனே ஒரு வழி கண்டுபிடித்தார். புதுப் பதிப்பு என்று சொல்லித் திங்கட்கிழமை காலையிலேயே போட்டுவிட்டு வந்துவிடலாம், தப்பு தானாக நின்றுபோகும், எதற்கு நாமாகவே போய் வாயைக் கொடுப்பது? எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ரொம்ப நியாயமாகவே பட்டது.

அண்ணி மட்டும் நகரவில்லை. பதிப்பை மாற்றியதும் தப்பு நின்றுவிடும், அதே நாளில் அந்த மனிதரும் போயிருப்பார். அவர் போனதால்தான் நின்றது என்று எல்லோரும் முடிவு கட்டுவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அந்தச் சோற்றை அவருக்கே போடுவதா என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. 'இப்பவே' பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"எங்க வீட்ல ஒரு ஃபைல் தொலைஞ்சுது சார்" என்றார் அண்ணி. "பெட்டியிலதான் வச்சேன்னு சொன்னவரை நான் பல வருஷம் நம்பல. அவர் நிஜமாவே வச்சதாத்தான் நினைச்சிருந்தாரு. இந்த மேசைக்காரரு செய்யாததையே செஞ்சதா எழுதப் போறாங்க. நான் போய்ச் சொல்றேன். நீங்க வேண்டாம்னா, லீவு போட்டுட்டுப் போய்ச் சொல்றேன்."

நான் அவர் பக்கம் பேச எழுந்தேன். கட்டத்தைப் போட்டவன் நான், அதனால் நானும் போகிறேன் என்றேன். அந்த வாரத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. 'இப்பவே' எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் தப்பு எங்களுடையது என்று கம்பெனித் தாளில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். இப்பவே கொண்டுபோங்கள் என்றார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நிர்வாகி அறையில் இருந்தோம். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத அம்மா. மேசை மேல் உறை ஒன்று இருந்தது, அது என்ன கடிதம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மேசைக்காரர் சுவரோரம் நின்றிருந்தார், இஸ்திரி போட்ட சட்டை, கையில் டிபன் பை. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அண்ணியின் குரலைக் கேட்டதும்தான் தலையைத் தூக்கினார்.

அண்ணி காகிதங்களை விரித்து, கோடு போட்ட கொத்துகளைக் காட்டினார். நிர்வாகி இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, காகிதத்தில் எதை வேண்டுமானாலும் காட்டலாம் என்றார். அப்படியானால் மேசைக்கே போவோம் என்றார் அண்ணி. எல்லோரும் கீழே இறங்கிப் பதிவு மேசைக்குப் போனோம். இரண்டு டாக்டர்களும் பின்னால் வந்து நின்றார்கள். மேசைக்காரரை அவருடைய நாற்காலியிலேயே உட்காரச் சொன்னார் அண்ணி. பழைய பதிப்பில், பென்சிலின் ஆகாத ஒரு நோயாளியைக் கற்பனையாக அடிக்கச் சொன்னார். இரண்டு விரலால் அடித்தார். சேமித்தார். 'புதியவர்' அழுத்தினார். அடுத்து ஓர் ஆள், ஒவ்வாமை எதுவும் இல்லாதவர். பெயர், வயது, முகவரி. சேமித்தார். அவர் கை கடைசிக் கட்டத்தின் பக்கமே போகவில்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். டாக்டர்களில் ஒருவர் பக்கத்துக் கம்ப்யூட்டரில் தன் திரையைத் திறந்தார். இரண்டாவது ஆளின் பெயருக்குக் கீழே பென்சிலின், சிவப்பாக.

நான் என் லேப்டாப்பில் பேனலை இழுத்துக் காட்டினேன். பிள்ளைகளெல்லாம் கூட வந்தன, ஒன்று மட்டும் நின்றது. இதை இங்கே விட்டது நான் என்று சொன்னேன். சொல்லி முடித்தபோது எனக்கே ஆச்சரியமாக உடம்பு லேசாக இருந்தது. பிறகு புதுப் பதிப்பைப் போட்டோம். மேசைக்காரர் அதே இரண்டு பேரையும் திரும்ப அடித்தார். 'புதியவர்' அழுத்திவிட்டு, இந்தத் தடவை மெதுவாகக் கீழே இறக்கினார். கடைசிக் கட்டம் வெள்ளையாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவருக்குப் பின்னால் பதிவுக்கு வந்தவர்கள் வரிசை கட்டி நின்றார்கள். அண்ணிக்குக் கண் கலங்கியிருந்தது. அடக்க முடியாத சந்தோஷத்தில் என் முதுகில் ஓங்கி ஓர் அடி போட்டார், எனக்கு இன்னும் வலிக்கிறது.

இப்போது எங்கள் அலுவலகத்தில் அண்ணிக்கு என் பக்கத்து மேசை. எந்த ஃபார்மும் வெளியே போவதற்கு முன்னால், "அண்ணி நகர்த்தியாச்சா?" என்று கேட்காமல் 'இப்பவே'கூடக் கையெழுத்துப் போடுவதில்லை. சான்றிதழைப் பற்றி யாருக்கும் கேட்க வாய் வரவில்லை. மருத்துவமனைக்குப் போய் வந்த அன்று சாயங்காலம் அண்ணன் விஷயம் கேட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தார். அண்ணி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

ஆனால் எனக்குள் நிற்பது இதுவெல்லாம் இல்லை. அந்தத் திங்கட்கிழமை, வெள்ளைக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே மேசைக்காரர் சொன்னார், யாரிடம் என்று இல்லாமல்.

"நான் காலியாத்தான் விட்டேன்."

நிர்வாகி கையோடு கொண்டுவந்திருந்த உறையை நாலாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். பிறகு மேசைக்காரர் அருகில் வந்து, வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஆமா. நீங்க காலியாத்தான் விட்டிருக்கீங்க."